கயிறு அண்ணையும் ஆறு ஆடுகளும்

பாரிசில் எங்கள் சனம் கூடும் லாச்சப்பலில் ஒரு ஆடுகூட இல்லாமல் ஆட்டுப்பட்டி நடத்திய ஒரே மனிதர் கயிறு அண்ணைதான். அப்படியென்றால் பட்டிக்குள் நின்றது யார் என்று கேட்பீர்கள். நாங்கள்தான். ஆறு பெண்கள், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள், சேலைக்கு மேலே குளிருக்கு அங்கி போட்டவர்கள். அந்த ஆறு ஆடுகளில் கடைசி ஆடு நான்.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு வருடமும் தேர் அன்று ரூ பஜோல் தெருவில் சனம் தேருக்குக் கிட்டப் போகாமல் கயிறு பிடிப்பவர், அதனால் கயிறு அண்ணை. மற்றவர்கள் பிடித்தால் அது கயிறு. அவர் பிடித்தால் அது மதில். ஒரு வருடம் பூசைத் தட்டோடு வந்த ஐயரையே மறித்து வைத்துவிட்டார்.

"தம்பி, நான் ஐயர்."

"எனக்குத் தெரியுது. கயித்துக்குத் தெரியாது. அங்காலை சுத்தி வாங்கோ."

ஐயர் அடுத்த தெருவால் சுற்றிக்கொண்டு வந்தார். அதுவரைக்கும் தேர் காத்துக்கொண்டு நின்றது.

மற்ற நாட்களில் அவர் ஒரு பிரெஞ்சு உணவுக்கடையில் சமையல்காரர். அவருடைய பிரெஞ்சு முழுவதும் குசினியில் படித்த பிரெஞ்சு. கத்தி, வெங்காயம், கெதியாக, சூடு, இவ்வளவும் தெரியும். மற்ற எல்லாவற்றுக்கும் "உய் ஷெஃப்", அதாவது சரி ஷெஃப், என்று ஒரே பதில்தான். டாக்டரிடமும் அதுதான், மெத்ரோ ரயிலில் டிக்கெட் பார்க்க வருகிறவரிடமும் அதுதான்.

தமிழ் என்றால் வாய் திறந்ததும் கடிதான். தெருவில் எங்களைக் கண்டால், "ஏன் நடுவழியிலை நிக்கிறியள், இதென்ன உங்கடை வளவே?" என்பார். அது அவருடைய வணக்கம். என்னை மட்டும் அவர் ஒருநாளும் ஏசியதில்லை. பேசியதும் இல்லை. நான் பொதுவாக ஒருவர் கண்ணிலும் படாத ஆள், அதனால் தப்பித்துக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன்.

அவர் வேலை செய்த கடை முதலாளியின் தங்கை ஒரு மதாம். பாரிசுக்கு வெளியே பண்ணை வைத்திருந்தார். செம்மறி, வாத்து, அவற்றை மேய்க்கும் நாய்கள் என்று பெரிய குடும்பம். அந்த நாய்களில் ஒரு கறுப்பு வெள்ளைக் குட்டி, செம்மறியைக் கண்டால் மதாமின் பாவாடைக்குள் ஒளிந்துகொண்டதாம். பயந்த நாயைப் பண்ணையில் வைத்து என்ன செய்வது என்று, ஒரு கிழமை வைத்துப் பார்க்கும்படி அண்ணனிடம் விட்டார். அண்ணன் அதைக் கயிறு அண்ணையிடம் விட்டார். அந்தக் கிழமை முடியவே இல்லை.

குட்டிக்குச் சின்னவர் என்று பெயர் வைத்தார். ஊரையே ஏசும் வாய், நாயிடம் மட்டும் பூவாக மாறியது. "சின்னவர், சாப்பிட்டியளோ? சின்னவர், உதிலை கொஞ்சம் இருங்கோவன்."

எங்கள் ஆறு பேரில் மூத்தவர், திரான்சி என்ற ஊரிலிருந்து வரும் திரான்சி மாமி. முழங்கால் வருத்தம் உண்டு, வாய்க்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் ஒருநாள் கேட்டேவிட்டார். "தம்பி, கட்டின மனுசியோடை இப்பிடிக் கதைச்சிருந்தால் அவ லண்டனுக்குப் போயிருப்பாவே?"

"நான் சொன்ன இடத்திலை அவ இருந்தவவே, மாமி?" என்றார் கயிறு அண்ணை.

சின்னவர் வளர்ந்தார். செம்மறிக்குத்தான் பயமே தவிர, மேய்க்கும் குணம் இரத்தத்தில் இருந்தது. மாடிப்படியில் தனித்தனியாக ஏறுகிறவர்களை ஒன்றாகச் சேர்த்து மேலே அனுப்பினார். மூன்றாம் மாடிக்காரர் ஐந்தாம் மாடிவரை போய்விட்டு இறங்கி வந்தார். ஒரு சனிக்கிழமை மரக்கறிக் கடைக்குள் புகுந்து, வெண்டிக்காய் முறித்துக்கொண்டு நின்ற எல்லோரையும் வளைத்து வெங்காய மூட்டைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். கடைக்காரர் முதலில் கத்தினார். நின்றவர்கள் சும்மா நிற்பானேன் என்று வெங்காயம் வாங்கியதும் கத்தலை நிறுத்தினார். அடுத்த சனிக்கிழமை அவரே கேட்டார்: "அண்ணை, இண்டைக்குச் சின்னவர் வரேல்லையோ? உருளைக்கிழங்கு தேங்கிக் கிடக்கு."

ஆனால் கட்டடத்தில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. முறைப்பாடு போனது. செய்தி மதாமின் காதுக்கும் எட்டி, அவர் நேரில் வந்தார். சின்னவர் கதிரைகளை ஒரு மூலையில் சேர்த்து வைத்துக் காவல் இருப்பதைப் பார்த்தார். மதாம் சொன்னதைச் செவ்ரான் அக்காவின் மகள்தான் தமிழில் சொன்னாள். செவ்ரான் அக்கா, அதுவும் ஊர்ப் பெயர்தான், எங்கள் ஆறு பேரில் ஓயாமல் கதைக்கும் ஆள். மகள் அளந்து பேசுவாள்.

"இந்த நாய்க்கு வேலை இல்லாட்டி விசர் பிடிக்குமாம். இலையுதிர்காலத்திலை அவையின்ரை பக்கம் மேய்ச்சல் நாய்ப் போட்டி இருக்காம். ஆட்டையோ வாத்தையோ பட்டிக்குள்ளை அடைச்சுக் காட்டினால் நாய் உங்களுக்காம். இல்லையெண்டால் அண்டைக்கே தான் கூட்டிக்கொண்டு போயிடுவாவாம்."

"உய் ஷெஃப்," என்றார் கயிறு அண்ணை.

போட்டிக்குப் பழக்க வேண்டும். லாச்சப்பலில் செம்மறிக்கு எங்கே போவது? இறைச்சிக் கடையில் இருப்பது நடக்காது. நாங்கள் ஆறு பேரும், சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னதால், வியாழக்கிழமை காலையில் ரயில் பாதை ஓரத்துப் பூங்காவில் நடப்போம். ஒரு வியாழன் அவர் வழியில் நின்றார்.

"எப்பிடியும் நடக்கத்தானே போறியள்? அதைக் கொஞ்சம் ஆடு மாதிரி நடந்தால் என்ன குறைஞ்சு போவியள்?"

"ஆர் ஆடு?" என்றார் திரான்சி மாமி.

"ஒரு பேச்சுக்குச் சொல்லுறன், மாமி."

"பேச்சுக்கெண்டாலும் நான் முன்னுக்குப் போற ஆடு. பின்னுக்கு நிக்கமாட்டன். அதோடை வடையும் வேணும்."

இப்படித்தான் தொடங்கியது. உட்காரும் நீள வாங்கு ஒன்று, அதன் இரண்டு பக்கமும் சாமான் வாங்க இழுத்துப் போகும் எங்கள் சில்லுப் பைகள், இவ்வளவுதான் பட்டி. போட்டியில் பட்டி வாசற்கதவில் ஒரு கயிறு கட்டியிருக்குமாம், நாய்க்காரர் அதைப் பிடித்தால் கடைசிவரைக்கும் விடக்கூடாதாம். இதைக் கேட்டதும் கயிறு அண்ணைக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. ஒரு சில்லுப் பையில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றார். சின்னவர் தூரத்தில் ஓடி, எங்களைச் சுற்றி வளைத்து, மெதுவாக வாங்குப் பக்கம் கொண்டு வருவார்.

நாங்கள் நல்ல ஆடுகள் இல்லை. செவ்ரான் அக்காவுக்கு நடுவில் போன் வரும், நாய் படுத்துக் காத்திருக்கும். மாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பார், நாயும் நிற்கும். ஒருநாள் ஓட வந்த ஒரு வெள்ளைக்காரரும் எங்களோடு சேர்ந்து பட்டிக்குள் வந்துவிட்டார். கயிறு அண்ணை அவருக்கும் ஒரு வடை கொடுத்து அனுப்பினார்.

கடைசியில் எப்போதும் நான் ஒருத்தி வெளியே நிற்பேன். எல்லோரும் உள்ளே உட்கார்ந்து என்னைப் பார்ப்பார்கள். யாராவது பார்த்தால் எனக்குக் கால் எழும்பாது. சின்னப் பிள்ளையிலிருந்து அப்படித்தான். "வாவன் எணை, பொம்பிளை பாக்கவே வந்திருக்கினம்?" என்று மாமி கத்துவார். இன்னும் வரமாட்டேன். அந்த நேரம் பார்த்துக் கயிறு அண்ணையும் சின்னவரும் முகத்தைத் திருப்பி ரயில் பாதையைப் பார்க்கத் தொடங்குவார்கள். ரயில் போகும்வரை இரண்டு பேரும் அசையமாட்டார்கள். நான் அந்தச் சாட்டில் நைசாக நடந்து வாங்கின் ஓரத்தில் இருந்துவிடுவேன். இரண்டு பேருக்கும் ரயில் பார்க்கிற விசர் என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டி நாள் வந்தது. செவ்ரான் அக்காவின் மகள் வாகனம் ஓட்ட, நாங்கள் ஆறு பேரும் கோயிலுக்குப் போவது போல் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனோம். அங்கே பெரிய புல்வெளி, சப்பாத்து முழுக்கச் சேறு, விசில் ஊதும் மனிதர்கள். அவர்களுடைய நாய்கள் விசிலுக்கு வலது, விசிலுக்கு இடது என்று மெசின் மாதிரி ஓடின. கயிறு அண்ணையிடம் விசில் இல்லை. நாய்க்காரர் நிற்கும் கம்பத்தடியில் போய் நின்று நடுவருக்குக் கை கூப்பினார். "சின்னவர், போயிட்டு வாங்கோ," என்றார்.

சின்னவர் செம்மறிகளை நோக்கி ஓடினார். பாதித் தூரத்தில் அவை தலையை நிமிர்த்தின. ஒரு பெரிய ஆடு காலால் நிலத்தைத் தட்டியது. சின்னவர் நின்று யோசித்தார். பிறகு திரும்பிப் பார்வையாளர் பக்கம் வந்து, திறந்திருந்த வேலி வாசலோரம் நின்ற எங்களைக் கண்டுபிடித்தார். நாய் சுற்றத் தொடங்கியதும் கால்கள் பழக்கத்தில் தானாக நடந்தன. எனக்கு அந்தப் பெரிய ஆட்டைக் கண்ட பயம் வேறு. அன்று முதல் ஆளாக ஓடிப் பட்டிக்குள் போனது நான்தான். பின்னால் ஐந்து பேரும் வந்தார்கள். கயிறு அண்ணையும் பழக்கத்தில் பட்டியடிக்கு ஓடிவந்து கயிற்றை இழுத்துக் கதவைச் சாத்தினார்.

சனம் கைதட்டியது. நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முதல் வந்தது நானெண்டு அவருக்குச் சொல்லு, பிள்ளை," என்றார் திரான்சி மாமி, பட்டிக்குள் நின்றபடி செவ்ரான் அக்காவின் மகளிடம். நான் மாமிக்குப் பின்னால் போய் நின்றேன்.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது, மதாம் வேலியோரம் நின்றார். கையில் நாய்க்குக் கட்டும் தோல்வார். அவர் கோபமாக இருக்கவில்லை, அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. கயிறு அண்ணை அந்த வாரைப் பார்த்தார். ஐயரை மறித்த மனிதர், தண்ணீர் குடிக்கப் போத்தலை எடுத்தார், மூடியைத் திறக்க முடியவில்லை. செவ்ரான் அக்கா வாங்கித் திறந்து கொடுத்தார்.

"வாத்து இன்னும் இருக்கெண்டு சொல்லு, பிள்ளை," என்றார் மகளிடம். மதாம் சரி என்று தலையை ஆட்டினார். வாரைச் சுருட்டவில்லை.

வாத்துகள் ஆறு. மண்ணிறம், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, ஒன்றோடொன்று விடாமல் கதைத்துக்கொண்டு, அன்னதானம் முடிந்து படியிறங்கும் ஆட்கள் போல ஆடி ஆடி நடந்தன. சின்னவர் அவற்றைக் கண்டதும் வேலைக்கு ஆயத்தமாக வாலைத் தாழ்த்தினார். இது அவருக்குத் தெரிந்த கூட்டம். தூரத்தால் வளைத்துப் போனார். ஒன்று நின்று சிறகைக் கோதியது, படுத்துக் காத்திருந்தார். இரண்டு தங்களுக்குள் சண்டை பிடித்தன, முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். விசில் நாய்கள் நெருக்கியபோது நாலா பக்கமும் சிதறிய அதே வாத்துகள், இவருக்கு முன்னால் அணிவகுத்துப் போயின.

"மெய்யே, எங்களைப் போலத்தானே போகுதுகள்," என்றார் செவ்ரான் அக்கா. ஒருவரும் சிரிக்கவில்லை.

கயிறு அண்ணை கதவுக் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். ஐந்து வாத்துகள் உள்ளே போயின. ஆறாவது, எல்லாவற்றிலும் சின்னது, வாசலில் நின்றுவிட்டது. நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். சனம் எட்டிப் பார்த்தது. பார்க்கப் பார்க்க அது கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கல்லாய் நின்றது. அதன் கால் ஏன் எழும்பவில்லை என்று அந்தப் புல்வெளியில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன்.

"சின்னவர்," என்றார் கயிறு அண்ணை மெதுவாக. "அங்காலை பாருங்கோ. நாங்கள் பாத்தால் அவ வரமாட்டா."

நாய் முகத்தைத் திருப்பியது. கயிறு அண்ணையும் திருப்பினார். இரண்டு பேரும் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் அந்தப் பக்கம் பார்த்தேன். அங்கே ரயில் பாதை இல்லை. வெறும் புல்.

வாத்து இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. வாலை ஒருமுறை ஆட்டிவிட்டுத் தன் பாட்டில் உள்ளே போனது. கயிறு அசைந்தது, கதவு மூடிக்கொண்டது.

நடுவர் நீளமாக ஏதோ சொன்னார். மகள் சுருக்கமாகச் சொன்னாள். "ஆடு சரிவராதாம். வாத்துக்கு இப்பிடியொரு நாயைத் தான் ஒருநாளும் காணேல்லையாம்."

"உய் ஷெஃப்," என்றார் கயிறு அண்ணை. மதாம் தோல்வாரைக் கொண்டுவந்து அவருடைய கையில் வைத்துவிட்டுப் போனார். அவர் அதைக் கழுத்தில் மாலை போல் போட்டுக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "என்ன வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறியள், வடையை எடுங்கோவன்," என்றார். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பதான் மனுசனுக்கு உயிர் வந்திருக்கு," என்றார். வாகனத்துக்குள் கடைசி ஆளாக ஏறினேன். நான் ஏறும்வரை கயிறு அண்ணை வாகனத்தின் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது அவர் பென்சன் எடுத்துக்கொண்டு, மதாமின் பண்ணையிலேயே வாத்துகளோடு இருக்கிறார். சின்னவரும் அங்கேதான். தேருக்கு மட்டும் வந்து கயிறு பிடித்து, எல்லோரையும் ஏசிவிட்டுப் போகிறார்.

நாங்கள் வியாழக்கிழமைகளில் இன்னும் நடக்கிறோம். போன மாதம் புதிதாக ஒரு பெண் சேர்ந்தார். மகனிடம் வந்து கொஞ்ச நாள்தானாம். நாங்கள் வாங்கில் போய் இருந்ததும், அவர் மட்டும் மரத்தடியில் தயங்கி நின்றார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்து, வாங்கோ வாங்கோ என்று கூப்பிட்டார்கள். நான் ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.