இணையத்தின் மீது பெட்டிசம் போட்டவர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெட்டிசம் எழுதாத மனிதர்கள் சிலர் இருக்கக்கூடும். ஆனால் பெட்டிசம் அண்ணையிடமிருந்து ஒன்றாவது வாங்காத அதிகாரி ஒருவர்கூட இல்லை. முறைப்பாட்டு மனுவுக்கு எங்கள் ஊரில் பெட்டிசம் என்று பெயர். அவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. பெற்றோர் வைத்த பெயரைக் கையெழுத்துப் போட மட்டும் வைத்திருந்தார்.

ஆளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சுன்னாகத்துக்குப் பக்கத்தில் வெங்காயத் தோட்டம். விடிய எழும்பித் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, பத்து மணிக்கு, தொலைபேசியும் கணினியும் வைத்து நடத்தும் கொமினிகேசன் கடைக்கு வந்துவிடுவார். அங்கேதான் நான் தட்டச்சு வேலை செய்தேன். நான் பட்டம் பெற்று, அரசாங்க வேலைக்குக் காத்திருந்த காலம் அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நானே. இதை நான் யாரிடமும் தாழ்ந்த குரலில் சொன்னதில்லை.

அண்ணையின் பெட்டிசங்களுக்குப் பலன் இருந்தது. பேருந்து நிற்பதில்லை என்று எழுதினார். அதற்குப் பிறகு அந்தத் தரிப்பிடத்தில் ஆளே இல்லாவிட்டாலும் பேருந்து நின்று, கும்பிடுவதுபோல் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத்தான் போனது. கோயில் ஒலிபெருக்கிக்கு எதிராக எழுதியபோது, பிரதி அனுப்பப்படுவோர் வரிசையில் பன்னிரண்டாவதாகப் பிள்ளையாரையும் சேர்க்கச் சொன்னார்.

"அவருக்கு எதுக்கு அண்ணை?"

"தெரிஞ்சிருக்க வேணும், தங்கச்சி. பிறகு தனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை எண்டு சொல்லக்கூடாது."

இப்படியிருக்கும்போதுதான் என் படம் களவு போனது. எங்கள் ஊரிலிருந்து வெளிநாடு போனவர்கள் நடத்தும் இணையத்தளத்தில், நான் பட்டமளிப்பு உடையில் நிற்கும் படத்தைப் போட்டு வாழ்த்தியிருந்தார்கள். யாரோ அதை எடுத்து, காசுக்குப் பட்டம் விற்கும் ஒரு தளத்தில் போட்டுவிட்டார்கள். 'பரீட்சை வேண்டாம். மூன்றே நாளில் பட்டம்.' அதற்குக் கீழே சிரித்துக்கொண்டு நான். பெயர் மட்டும் மரியா.

ஊருக்குச் செய்தி எட்ட மூன்று நாள்கூடத் தேவைப்படவில்லை. எங்கள் ஒழுங்கையால் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்: "ஏன் பிள்ளை, மூண்டு நாளிலை எடுக்கிற சாமானுக்கோ நாலு வருசம் பஸ்ஸிலை திரிஞ்சனி?"

அடுத்த மாதம் எனக்கு நேர்முகத் தேர்வு. கேள்வி கேட்பவர்களில் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் போதும். விசாரித்த இடங்களிலெல்லாம், தளம் வெளிநாட்டில் இருக்கிறது என்று கையை விரித்தார்கள்.

பெட்டிசம் அண்ணை கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்ரநெற்றுக்கு ஆர் பெரியவர், தங்கச்சி?"

"அப்பிடி ஒருத்தரும் இல்லை அண்ணை."

"ஒருத்தரும் இல்லையோ? அப்ப 'மாட்சிமை தங்கிய ஐயா' எண்டு ஆருக்குப் போடுறது?"

அவர் பேனையை மூடி வைத்ததை நான் பார்த்தது அன்றுதான்.

தேடிப் பார்த்தோம். தளத்தின் பெயரைப் பதிந்த நிறுவனம் ஒரு நாட்டில். அது ஓடுகிற கணினி இன்னொரு நாட்டில். காசு வாங்குகிற நிறுவனம் மூன்றாவது நாட்டில். உரிமையாளர் என்று இருந்தது, கேள்விப்படாத ஒரு தீவின் தபால்பெட்டி இலக்கம். அண்ணை எல்லாவற்றையும் காணி உறுதிப் பத்திரம் வாசிப்பதுபோல் வாசித்தார்.

"வேலியே இல்லாத காணி. இதிலை ஆரோடை எல்லை வழக்குப் பேசுறது?"

என்றாலும் நான்கு பேருக்கும் எழுதினார். நான் ஆங்கிலத்தில் பெயர்த்தேன்.

"நான் அரைப் பக்கம் வணக்கம் சொன்னன். நீங்கள் ரெண்டு சொல்லிலை முடிச்சிட்டியளே?"

"ஆங்கிலத்திலை அவ்வளவுதான் அண்ணை."

"பாவங்கள்."

ஒரு நிமிடத்தில் தானியங்கிப் பதில்கள் வந்தபோது அவர் உலகத்தையே மன்னித்துவிட்டார். "பாத்தியளே! இஞ்சை எண்டால் ஆறு மாசம்." உண்மையான பதில்கள் ஒரு வாரம் கழித்து வந்தன. பெயர் பதிந்தவர், படம் தன் பொறுப்பல்ல என்றார். கணினிக்காரர், உரிமையாளரிடம் கேட்கச் சொன்னார். காசுக்காரர், பெயர் பதிந்தவரைக் காட்டினார். தீவு பேசவில்லை.

இணையத்தை எப்படி ஆள்வது என்று பல நாட்டு அரசுகளும் நிறுவனங்களும் பொதுமக்களும் கூடிப் பேசும் ஒரு கூட்டம் இணையவழி நடக்கவிருப்பதை அதற்குப் பிறகுதான் கண்டுபிடித்தேன். யாரும் பதிந்து பேசலாம். படிவத்தில் அரசு, நிறுவனம், சமூக அமைப்பு, தொழில்நுட்பம் என்று நான்கு பிரிவுகள் இருந்தன.

"தோட்டக்காரர் எண்டு இல்லையோ?"

"இல்லை."

"அதுக்கும் ஒரு பெட்டிசம் போடவேணும்."

கூட்டத்தன்று பின்னேரம் இஸ்திரி போட்ட சட்டையும் இடுப்பில் தோட்டத்துச் சாரமுமாக வந்தார். கமராவில் சட்டை மட்டுந்தான் தெரியும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம். முதல் நிமிடத்தை அவர் தலைவருக்கும் சபைக்கும் வணக்கம் சொல்லிச் செலவழித்தார். நான் பெயர்க்காமல் இருந்ததால், மொழிபெயர்ப்பு அறுந்துவிட்டதா என்று தலைவர் கேட்டார். பிறகு அண்ணை விஷயத்துக்கு வந்தார்.

"எங்கடை ஊரிலை பங்குக் கிணறு எண்டு இருக்கு. ஏழு பேருக்குப் பங்கு, ஒருத்தருக்கும் தனிச் சொந்தமில்லை. அதுக்காகக் குப்பையை விட்டுவைக்கிறேல்லை. அண்டைக்கு ஆரின்ரை மெசின் தண்ணி இறைக்குதோ, அவர் முதலிலை அள்ளிப்போட வேணும். ஆர் போட்டது எண்ட விசாரணை பிறகு. உங்கடை கிணத்துக்கை இந்தப் பிள்ளையின்ரை படம் கிடக்குது. ஆர் அள்ளுறியள்?"

ஒரு சொல்லும் விடாமல் பெயர்த்தேன். 'இந்தப் பிள்ளை' என்ற இடத்தில் மட்டும் 'நான்' என்று சொன்னேன்.

நேரம் முடிந்து ஒலிவாங்கியை அடைத்துவிட்டார்கள். தலைவர், "சுன்னாகத்தின் பிரதிநிதிக்கு நன்றி" என்றார். அண்ணை எழுந்து நின்று கும்பிட்டார். சாரமும் கூட்டத்தில் கலந்துகொண்டது.

ஆனால் கூட்டத்திலிருந்த ஒரு பெண் எங்களுக்குச் செய்தி அனுப்பினாள். அவளும் எங்கோ, தளங்கள் ஓடுகிற கணினிகளை வாடகைக்கு விடும் நிறுவனமொன்றில் வேலை செய்பவள். கோபத்தை எழுதாதீர்கள், மூலப் படத்தையும் பக்கத்தின் முகவரியையும் வைத்து, அனுமதியின்றிப் பயன்படுத்தியதாகக் கணினிக்காரரின் இன்ன பிரிவுக்கு எழுதுங்கள் என்றாள். அப்படியே எழுதினோம். நாலாம் நாள் என் படம் போய்விட்டது. அண்ணை கடையிலிருந்த எல்லோருக்கும் தேநீர் சொன்னார்.

அடுத்த வாரம் நேர்முகத் தேர்வு முடிந்து கடைக்கு வந்து, ஒரு சந்தேகத்தில் அண்ணைக்கு முன்னாலேயே அந்தப் பக்கத்தைத் திறந்தேன். என் இடத்தில் வேறொரு பெண் நின்றாள். எந்த நாட்டுக்காரி என்று தெரியவில்லை. உடை அவளுக்குப் பெரிதாக இருந்தது. பெயர் அதே மரியா.

"விடுங்கோ அண்ணை. எங்கடை அலுவல் முடிஞ்சுது" என்றேன்.

அவர் திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார்.

"உவளுக்கு இது தெரியுமோ?"

"தெரியாமலும் இருக்கலாம்."

"அப்ப தெரியிறதுக்கு முதல் எடுத்துப்போட வேணும். டைப் பண்ணுங்கோ, தங்கச்சி."

டைப் பண்ணினேன். அந்தப் பெண்ணின் பெயர் எங்களுக்குத் தெரியாது. ஆகவே அவர் தன் பெயரைப் போடச் சொன்னார். அதற்குக் கீழே என் பெயரையும் பட்டத்தோடு போட்டேன். கூடப்பிறந்த அண்ணன் எனக்கு இல்லை. அன்று அது நினைவுக்கு வரவில்லை.