என்னைப் போலவே நடக்கிறவன்

ஒஸ்தியாவிலிருந்து நுமேரியஸ், கப்புவாவில் இருக்கும் அண்ணன் ஸ்பூரியஸுக்கு வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் நலமென்றால் மகிழ்ச்சி. நான் நலமில்லை, ஆனாலும் மகிழ்ச்சி.

ஒன்பது வருடமாகப் பேசாதவன் ஏன் எழுதுகிறான் என்று புருவத்தை உயர்த்த வேண்டாம். அப்பா செத்ததும் அச்செடுத்த மெழுகு முகம் யார் வீட்டு அலமாரியில் இருக்க வேண்டும் என்ற பழைய சண்டைக்கு வரவில்லை. அது உங்களிடமே இருக்கட்டும். வைத்தியர் என் நாடியைப் பிடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அடுத்த வீட்டுக்காரரின் சவ ஊர்வலத்தில், வழக்கப்படி செத்தவரைப் போல நடந்து காட்ட வந்த நடிகன் தப்பான காலை நொண்டி, அழ வந்தவர்களைச் சிரிக்க வைத்துவிட்டான். எனக்கும் அந்தக் கதி வேண்டாமென்று, டெமாஸ் என்ற நடிகனை இப்போதே வீட்டோடு வைத்து என் நடையையும் பேச்சையும் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னேன்.

அண்ணா, என்ன திறமை! மூன்றாம் நாளே, நான் எழுவதற்குள் என் நாற்காலியில் உட்கார்ந்து, காலை வணக்கம் சொல்ல வந்தவர்களை என் இருமலோடு விசாரித்து அனுப்பிவிட்டான்; "ஐயா இன்னிக்குத்தான் நம்ம பேரைத் தப்பில்லாம சொன்னாரு" என்று பூரித்துப் போனார்களாம். சாப்பாட்டில் மீன் சாற்றைக் குறை சொன்னான். என் மனைவி பெதீலியா முப்பது வருடப் பழக்கத்தில் கரண்டியை அவன்மேல் எறிந்தாள். நாய் இப்போது என்னைப் பார்த்துக் குரைக்கிறது.

சரி, முழுதாக நடித்துக் காட்டு என்றேன். செனட்டர் மாதிரி நடக்கிறேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்; வந்ததோ தொந்தியைத் தூக்கிக்கொண்டு ஒரு வாத்து. வீடே சிரித்தது. பிறகு அவன் வாசலுக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுத் தெய்வங்களிடம் என் குரலில், "கப்புவா வண்டி வந்துடுச்சு. அண்ணன்கிட்டேருந்து ஒண்ணும் வரலை. வராட்டி போகட்டும், மனுஷன் நல்லா இருந்தா சரி" என்றான். யாரும் சிரிக்கவில்லை. தினமும் காலையில் நான் சொல்வது அது. யார் காதிலும் விழவில்லை என்று நினைத்திருந்தேன்.

செத்த பிறகு வந்து அவனைப் பார்ப்பதைவிட, இப்போதே வந்து அசலைப் பாருங்கள் அண்ணா. அப்பாவின் முகத்தையும் கொண்டுவாருங்கள். மூன்று பேருமாக ஒரு வேளை சாப்பிடலாம். அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் வீட்டுத் தெய்வங்கள் உங்கள் முழங்காலைக் காக்கட்டும்.

பி.கு.: மூத்தாருக்குப் பெதீலியாவின் வணக்கம். மேலே இருப்பதில் ஒரு சொல்கூட உங்கள் தம்பி சொல்லி எழுதியதில்லை. டெமாஸ் அவர் குரலில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வாசித்துக் காட்டியதும், "நான் எப்போடி இப்படிக் கெஞ்சினேன்? கிழிச்சுப் போடு!" என்று கத்தினார். கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கடிதத்தில் பதிக்க முத்திரை மோதிரத்தைக் கழற்றி என் கையில் வைத்து, "அந்த வாத்து வரியை மட்டும் அடிச்சுடு" என்றார்.

நான் அடிக்கவில்லை.