அட்டை கடித்துத் தேறிய கதை

இலங்கை மலைநாட்டில் தப்பாலை மிஞ்சிய இலக்கிய விமர்சகர் இன்றுவரை பிறக்கவில்லை. இதை எந்த மேடையிலும் ஏறிச் சொல்வேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

தேயிலைத் தோட்டத்துத் தபால் பையைச் சுமந்ததால் அவர் தப்பால். சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. காலையில் பூட்டிய பையோடு நோட்டன் பிரிட்ஜ் தபால் கந்தோருக்கு மூன்று மைல் இறங்குவார். மத்தியானத்துக்குள் ஏறி வந்துவிடுவார். நான் அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்தின் ஒரே வாத்தியார். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் முப்பது வயதைத் தொட்டவர்கள்.

கொழும்புப் பத்திரிகையில் ஒரே ஒரு கதையாவது வரவேண்டும் என்பது எனக்குப் பிடித்திருந்த பைத்தியம். பதினொன்று அனுப்பினேன். பதினொன்றும் திரும்பின. தோட்ட ஆபீசில் பையைத் திறப்பவர் பெரிய கிளாக்கர். இரத்தம் உறிஞ்சும் ஓர் அட்டையைக் கண்டால் அலறி ஆபீசையே கூட்டிவிடும் அந்த வீரர், என் தடித்த உறையைக் கண்டால் வாசலுக்கு வந்து கூவுவார்: "மாஸ்டர்! ஒங்க புள்ள ஊரச் சுத்திட்டு வந்திருச்சு, வந்து கூட்டிக்கிட்டுப் போங்க!"

பன்னிரண்டாவதும் திரும்பினால் பேனாவை அடுப்பில் போடுவதாகச் சபதம் செய்து, ஊரெல்லாம் சொல்லியும் வைத்தேன். கிளாக்கர் கண்ணில் படாமல் அனுப்புவதற்காக ஒரு சனிக்கிழமை தப்பாலோடு நானே கிளம்பினேன்.

"கையில என்ன மாஸ்டர், கதையா? வாசிச்சுக்கிட்டே வாங்க, வழி போறது தெரியாது."

மழை விட்ட குறுக்குப் பாதை முழுக்க அட்டை. நான் காலில் மேஸ் என்னும் காலுறை மாட்டி, அட்டை ஏறாமலிருக்க அதன்மேல் சவர்க்காரமும் தேய்த்திருந்தேன். தப்பால் வெறுங்கால். நான் வாசித்த கதையில் ஒரு ஜமீன்தார் மகள் சென்னைக் கடற்கரையில் நிலாவைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தாள். நான் சென்னையையும் கண்டதில்லை, ஜமீன்தாரையும் கண்டதில்லை. நிலாவை மட்டும் ஒன்றரைப் பக்கம் வர்ணித்திருந்தேன்.

"நில்லுங்க மாஸ்டர்." குனிந்து, வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு ஓர் அட்டையின் மேல் வைத்தார். அது சுருண்டு விழுந்தது. நாலு வரி வாசித்தேன். "நில்லுங்க மாஸ்டர்." இன்னொன்று.

"என்னப்பா, கதைய ஒனக்கு வாசிக்கிறேனா, அட்டைக்கு வாசிக்கிறேனா?"

"கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். கதை நல்லா இருந்தா கடிக்கிறதே எனக்குத் தெரியாது. காமன் கூத்துல பொம்பள வேசம் கட்டுனவரு விழுந்து அழுவாரு பாருங்க, அன்னைக்கு ரெண்டு கால்லயும் அட்டை ரத்தம் குடிச்சிட்டு அதுவாவே எறங்கிப் போயிருக்கு. ஒங்க நிலாவுல ஒவ்வொரு பல்லும் தெரியுது."

பாதி வழியில் பாலம் வந்தது. "பாலமே வந்திருச்சு, அந்தப் புள்ள நின்ன எடத்துலயே நிக்குதே. காலையில என்ன சாப்பிட்டுச்சு?"

எனக்குத் தெரியவில்லை. பெற்றவனுக்கே தெரியவில்லை!

தபால் கந்தோர் வாசலில் பத்தொன்பதாவது அட்டையை உதிர்த்துவிட்டு, கதையைப் பிடுங்கித் தன் மடியில் சொருகிக்கொண்டார்.

"அனுப்ப வேணாம் மாஸ்டர். திரும்பி வந்தா எழுதுறத விட்டுருவீங்க. நான்தானே சொமந்துக்கிட்டு வரணும்? பூட்டுன பைதான், ஆனா ஒங்க ஒற உள்ள இருந்தா என் முதுகுக்குத் தெரியும். பதினோரு தடவ தெரிஞ்சிருக்கு."

கதையை அவர் மடியிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு மலையேறினேன்.

அடுத்த சனிக்கிழமை, திருத்தி எழுதியும், ஜமீன்தார் மகள் பாலத்தைத் தாண்டாமலே காலமானாள். அதற்கடுத்த வாரம் வேறொரு கதை கொண்டுபோனேன். கடைசியில் நான் சேர்த்திருந்த நீதிக்கு மட்டும் நாலு அட்டை. "கதை முடிஞ்சிருச்சு மாஸ்டர். நீங்கதான் இன்னும் பேசிக்கிட்டு இருக்கீங்க."

"அப்ப நீயே எழுது!" என்று கத்தினேன்.

"எனக்கு எழுதத் தெரிஞ்சா ஒங்க கூட வந்து ஏன் கடி வாங்குறேன்?"

ஐந்தாவது சனிக்கிழமை, தோட்ட வரிசை வீட்டில் அடுத்தடுத்த காம்பராவில் குடியிருந்து ஏழு வருஷம் பேசாத அக்கா தங்கையின் கதையை எடுத்துப்போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் தங்கை இருமுகிறாள். இந்தப் பக்கம் அக்கா கொத்தமல்லி கொதிக்க வைக்கிறாள். எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது? அவ்வளவுதான் கதை. தப்பால் ஒரு தடவைகூட நிற்கச் சொல்லவில்லை. பாலம் எப்போது கடந்தது என்று எனக்கும் தெரியாது.

தபால் கந்தோருக்குள் நுழைந்ததும் சிங்களப் போஸ்ட் மாஸ்டர் எழுந்து அலறினார்: "ஐயோ தப்பால், ககுலே லே!" குனிந்து பார்த்தோம். தப்பாலின் இரண்டு காலிலும் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"இருபத்தாறு மாஸ்டர்!" தப்பாலின் கண் கலங்கிவிட்டது. "ஒண்ணுகூடத் தெரியல! போடுங்க தபால்ல!" உறைக்கு முத்திரை விழும்வரை அவர் சுண்ணாம்பைத் தொடவே இல்லை.

இரண்டு மாதம் அவர் முதுகுக்குக் கனம் தெரியவில்லை. ஒரு மத்தியானம் நான் ஆபீஸ் வாசலில் தப்பாலோடு நிற்க, கிளாக்கர் பையைத் திறந்து பத்திரிகையைப் பிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். "அட, நம்ம மாஸ்டரு பேரு!" கேலியாக, உரக்க வாசிக்கத் தொடங்கினார். கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் கூடைகளோடு கூடிவிட்டார்கள். இரண்டாவது பத்தியில் கேலி போய்விட்டது. கொத்தமல்லி கொதித்தபோது அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார்.

தப்பால் என் விலாவில் இடித்தார். கிளாக்கரின் அரைக் காற்சட்டைக்குக் கீழே, முழங்கால் மடிப்பில், பையோடு வந்த அட்டை ஒன்று நாவற்பழமாகப் பருத்துத் தொங்கியது. வெள்ளை மேஸில் இரத்தம் கோடு போட்டிருந்தது. மனிதர் வாசித்துக்கொண்டே இருந்தார்.

"தெரியல மாஸ்டர்!" தப்பால் என் கையை நசுக்கிவிட்டார். "அவருக்கே தெரியல!"

அதன்பின் எத்தனையோ எழுதி, மாலைகூட வாங்கிவிட்டேன். இப்போது நான் இருக்கும் கொழும்பில் அட்டையும் இல்லை, தப்பாலும் இல்லை. ஆனாலும் எதை எழுதினாலும், அந்தக் குறுக்குப் பாதையில் எனக்காகக் கடி வாங்கிய அந்த இரண்டு கால்களுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டுகிறேன்.