தானாக வந்த சாம்பார்

மானுட குலத்தின் விடுதலை திண்டிவனத்தில், எங்கள் வீட்டு மாடியில்தான் உருவாகிக்கொண்டிருக்கிறது என்பதை மிகுந்த அடக்கத்தோடு அறிவித்துக்கொள்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு அங்கே அரசின்மைவாதிகள் கூடுகிறார்கள். அரசாங்கமே கூடாது என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. அது ஒழிந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் இரண்டு கட்சி.

விழுப்புரத்திலிருந்து வரும் மல்லாட்டை (நிலக்கடலை) மண்டிக்காரர்கள் சந்தைப் பிரிவு. எல்லாவற்றையும் வாங்கி விற்றுக்கொண்டாலே உலகம் நடந்துவிடும் என்பது அவர்கள் கொள்கை. என் கணவர் வல்லரசு அதன் 'தலைவர் அல்லாதவர்'. உள்ளூர் ஆசிரியர்கள் பொதுவுடைமைப் பிரிவு. எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்டால் போதும் என்பார்கள். அதன் 'தலைவர் அல்லாதவர்' என் தம்பி சித்தார்த்தன்.

தலைவர் இல்லாத கூட்டத்தில் பொன்னாடையை யாருக்குப் போர்த்துவது? சந்தைப் பிரிவினர் ஆளுக்கொன்று கொண்டுவந்து மாற்றிக்கொள்வார்கள். பொதுவுடைமைப் பிரிவில் ஒரே பொன்னாடை, தோள் தோளாகச் சுற்றிவரும். சித்திரை வெயிலில் அதன் வாசனை தோழமைக்கே ஒரு சோதனை.

சென்ற கூட்டத்தில் விவாதம் என் சாம்பாரில் வந்து நின்றது.

"யாரும் உத்தரவு போடல. ஆனா டாண்ணு சாப்பாடு வந்துடுது. தேவை இருக்குது, சரக்கு வருது. இதான் மச்சான் சந்தை," என்றார் கணவர்.

"இன்னா மாமா நீங்க, சந்தைன்னா விலை எங்க? அக்கா காசு கேட்டுக்கினா நிக்குது? இது பரஸ்பர உதவி."

"பரஸ்பரம்னா, நீ இன்னா செஞ்ச?"

"சாப்புட்டேன் இல்ல?"

நான் அப்பளம் வைத்துக்கொண்டிருந்தேன். என் சாம்பாருக்குள் இவ்வளவு தத்துவம் கொதிப்பது எனக்கே தெரியாது. புல்லரித்தது. புல்லரிப்பு அடங்கியதும் உள்ளே வேறு ஏதோ ஒன்று கிடந்தது. அதற்கு இரு பிரிவிலும் பெயர் இல்லை.

"அடுத்த கூட்டத்தன்னிக்கு எனக்கு விழுப்புரத்துல பரீட்சைங்க," என்றேன். அரசு வேலைக்கான தேர்வு. முதல் தாள் அந்த ஞாயிறு, இரண்டாம் தாள் அதற்கடுத்த ஞாயிறு. பாத்திரம் கழுவி முடித்துக் கிடைத்த நேரத்தில் மூன்று வருடமாகப் படித்தது. வயது வரம்பு இந்த ஆண்டோடு முடிகிறது.

அரசு வேலையா! சபை அதிர்ந்தது. ஆனாலும் கொள்கை கொள்கைதான்.

"போவாதன்னு சொல்ல நாங்க யாரு?" என்றார் கணவர், பெருந்தன்மையாக.

"சமையல்?"

"அது தானா நடக்கும்க்கா," என்றான் தம்பி. இரு பிரிவும் சேர்ந்து கைதட்டியது அன்றுதான்.

அந்த ஞாயிறு பஸ் ஏறினேன். தேர்வு மையத்து வாசலில் போன் அடித்தது.

"ஜெயம், எல்லாரும் குந்திக்கினு கீறாங்க. ஒண்ணும் வரல," என்றார் கணவர்.

"தேவை இருக்குதுங்களா?"

"பயங்கரமா இருக்குது."

"அப்ப சரக்கு வந்துடும்ங்க."

போனை அணைத்து வாசலில் ஒப்படைத்துவிட்டு, நிம்மதியாக எழுதினேன்.

மாலை திரும்பியபோது என் வீட்டில் ஓர் அரசாங்கம் அமைந்திருந்தது. சோற்றுப் பானைக்குக் காவலாக ஒருவர் கரண்டியுடன் விறைப்பாக நின்றார். வெங்காயம் உரிப்பது வரி. உரிக்க மறுத்த மண்டிக்காரர் ஒருவரைக் குளியலறையில் அடைத்திருந்தார்கள். வல்லரசு முதலமைச்சர், சித்தார்த்தன் உள்துறை. பொன்னாடைகள் எல்லாம் இவ்விருவர் தோளில்.

"அக்கா, மொத சட்டம் போட்டுட்டோம். ஒருமனதா."

"இன்னாடா சட்டம்?"

"ஞாயித்துக்கிழமைல நீ எங்கயும் போவக்கூடாது."

"அனுமதி இல்லாமன்னு சேத்துக்கோ மச்சான்," என்று திருத்தினார் முதலமைச்சர். "நாம ஒண்ணும் கொடுங்கோலனுங்க கிடையாது."

இத்தனை காலம் முட்டிக்கொண்ட இரு பிரிவும் கட்டித் தழுவிக்கொண்டன. கண்கொள்ளாக் காட்சி. நான் உள்ளே போய், இரண்டாம் தாளுக்கான ஹால் டிக்கெட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இவ்வளவு வருடமாக எங்கள் வீட்டுக்கு ஓர் அரசாங்கம் ஏன் தேவைப்படவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது: நான் பஸ் ஏறியதில்லை.