பங்களா அண்ணையும் வண்டிக்காரன் வீடும்

டென்மார்க்கில் எத்தனையோ பிரபு மாளிகைகள் உண்டு. ஒரு மாளிகையின் முழு வரலாற்றையும் சீதனப் பிரச்சினையாகவே சொல்லி முடிக்கக்கூடியவர் எங்கள் பங்களா அண்ணை ஒருவர்தான்.

ஹோர்சன்ஸ் நகரில் கதவு செய்யும் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவர். நாங்களெல்லாம் டவுனுக்குள் பிளாட் தேடியபோது, இவர் வெளியே ஒரு பழைய பண்ணையில், மாளிகைக்குப் பின்னால் இருந்த குதிரைவண்டிக்காரன் வீட்டை வாடகைக்கு எடுத்தார். குனிந்துதான் உள்ளே போகவேண்டும். ஆனால் எங்கே இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், “பங்களாவிலை” என்பார். பெயர் ஒட்டிக்கொண்டது.

குடிபுகுந்த அன்று அண்ணையும் மனைவியும் பால் காய்ச்சினார்கள். பால் பொங்கி வழியத்தானே வேண்டும்? நன்றாகவே வழிந்தது. புகை எழும்பி, அலாரம் அடித்து, தீயணைப்பு வண்டி வாசலில் வந்து நின்றது. பாலை வேண்டுமென்றேதான் வழியவிட்டோம் என்று அண்ணை தன் டெனிஷில் விளக்கினார். ஹெல்மெட்டோடு வந்தவர்கள் வடையும் கேசரியும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கோல்டிங் நகரிலிருந்தெல்லாம் எங்கள் ஆட்கள் மீன் ரோல்ஸ் கட்டிக்கொண்டு வருவார்கள். அண்ணை கையைப் பின்னால் கட்டியபடி பண்ணையைச் சுற்றிக் காட்டுவார். பெரிய மாளிகை அந்தக்காலப் பிரபுவின் மூத்த மகளுக்குச் சீதனமாம். பால்பண்ணை வீடு இரண்டாவது மகளுக்காம். மாப்பிள்ளை அது போதாதென்று குளத்தையும் கேட்டு வாங்கினாராம். கடைக்குட்டி வண்டிக்காரனை விரும்பிக் கட்டியதால் அவளுக்கு இந்தச் சின்ன வீடு மட்டும்தானாம். இதையெல்லாம் எங்கே வாசித்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“வாசிக்கிறதென்ன தம்பி? வீடுகளைப் பார்த்தாத் தெரியாதே?” என்றார்.

பண்ணையின் சொந்தக்காரி வயதான விதவை. சில வருடங்களுக்கு முன் மாளிகையைக் கலியாணங்களுக்கு வாடகைக்கு விடத் தொடங்கினார். கார் நிறுத்த இடம் வேண்டும், வண்டிக்காரன் வீட்டை இடிக்கப்போகிறோம் என்று அண்ணைக்கு அறிவித்தார். அண்ணையின் பிள்ளைகள் தவழ்ந்து வளர்ந்த வீடு அது. ஆள் தொழிற்சாலையில் கதவுகளுக்குப் பிடியைத் தலைகீழாகப் பூட்டிக்கொண்டு திரிந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. கடைசியில், மொழிபெயர்க்க வா என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அந்த அம்மா மரியாதையாகக் கோப்பி தந்தார். பண்ணையில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் முன்னால் வரலாற்றுப் பலகை நிற்கிறது, இந்த வீட்டுக்கு மட்டும் இல்லை, ஏனென்றால் இதற்கு எழுதும்படியான வரலாறு எதுவும் கிடையாது என்றார். அண்ணை என் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை.

“வரலாறு இல்லையெண்டு சொல்ல வேண்டாமெண்டு சொல்லு தம்பி. நாங்கள் இருக்கிறம்.”

சொன்னேன். பிறகு அண்ணை சீதனக் கதை முழுவதையும் எடுத்துவிட்டார். அது அவரே கட்டிய கதை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒன்றும் விடாமல் டெனிஷில் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, எங்கள் பரம்பரையில் பெண்பிள்ளைகளே பிறக்கவில்லையே என்றார்.

அண்ணை கொஞ்சமும் அசரவில்லை. “அப்ப சீதனம் உள்ளுக்கு வந்திருக்கும்.”

அந்த அம்மா கோப்பையை வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தான் மருமகளாக வந்தபோது கொண்டுவந்த மேசை, கட்டில் தளபாடங்களை மாமியாரும் எண்ணித்தான் பார்த்தார் என்றார். அன்று தீயணைப்பு வண்டி எதற்கு வந்தது, இத்தனை காலமாகத் தெரியவில்லையே என்று அவரே கேட்க, பால் பொங்கிய கதையும் வெளியே வந்தது.

வீட்டை இடிக்கவில்லை. கலியாணத்துக்கு வரும் கார்கள் இப்போது மாட்டுக்கொட்டிலுக்கு அப்பால் நிற்கின்றன. வண்டிக்காரன் வீட்டு வாசலில் சின்னதாக ஒரு பலகை நிற்கிறது: ‘இந்த வீட்டில் பால் பொங்கியது. தீயணைப்புப் படைக்கு விருந்து கொடுக்கப்பட்டது.’

அந்தப் பண்ணையிலேயே முழு உண்மையான வரலாறு அதுதான். அண்ணை அதை ஒரு கையசைவோடு கடந்துபோய், பழையபடி சீதனத்துக்கே வந்துவிடுவார். நானும் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். ஆனாலும் போகும்போதெல்லாம், ஒன்றும் தெரியாதவன்போல, “அப்ப இந்தச் சின்ன வீடு ஆருக்கு அண்ணை?” என்று நானே கேட்பேன். அதைக் கேட்டதும் அந்த மனிதரின் முகம் மலர்வதைப் பார்ப்பதற்காகத்தான் போகிறேன்.