அளவுக்கு நின்ற மாமி

கலியாணத்துக்கு முன்னமே மாமியாரைப் பகைத்துக்கொண்டவர்கள் ஊருக்குள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் மாமியாரை ஒன்றேமுக்கால் மடங்கு அகலமாக்கி உலகம் முழுக்கக் காட்டியவன், எனக்குத் தெரிந்தவரை, நான் ஒருவன்தான். வேணுமெண்டு செய்யவில்லை. (வேணுமெண்டு செய்திருந்தால் இவ்வளவு திருத்தமாக வந்திராது.)

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. மன்னாரில் ஒரு கந்தோரில் விண்ணப்பப் படிவங்களை வாங்கிச் சரிபார்க்கும் வேலை. படம் ஒட்டுகிற பெட்டிக்குள் படம் அச்சொட்டாக இருக்கவேணும். ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும், "இது சரிவராது, வேறை எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று திருப்பிவிடுவேன். கொதிக்கிற வெயிலுக்குள் பேசாலையில் இருந்து பஸ் ஏறி வந்த மனுசனையும் திருப்பியிருக்கிறேன். அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

அந்த நாட்களில் இணையத்தில் ஒரு கருத்துக்களம் கண்ணில் பட்டது. உலகத்தில் உள்ள பழைய மரங்களைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் கூடும் இடம். ஒவ்வொரு மரத்தடியிலும் அளவு தெரிவதற்கு ஒரு ஆள் நிற்பார். அவரின் உயரத்தைக் கீழே எழுதவேணும். அதை வைத்து மற்றவர்கள் மரத்தின் சுற்றளவைக் கணக்குப் பார்த்துச் சொல்வார்கள். எங்கேயோ இருக்கிற மரத்துக்காக எங்கேயோ இருக்கிற மனிதர்கள் இப்படி உருகுகிறார்களே என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருக்கையில்தான் மண்டையில் உறைத்தது. அடே, எங்கடை மன்னார்த் தீவில் நிற்கிற பெருக்கமரம், பாவோபாப் என்று உலகம் சொல்கிற அந்தப் பருத்த மரம்?

பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க அதைத் தாண்டித்தான் போனேன். அதன் நிழலில் கழுதைகள் படுத்துக்கிடக்கும். அரேபிய வியாபாரிகள் கொண்டுவந்து நட்டது என்று சொல்வார்கள், நானும் "ஓம் ஓம்" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவேன். அன்றைக்குப் பின்னேரம் சைக்கிளில் போய் முதல்முறையாக நின்று பார்த்தேன். ஐயோ, என்ரை மாதாவே! அடிமரத்தில் கையை வைத்துக்கொண்டு சுற்றி வரவே மூச்சு வாங்கியது. இருபத்தெட்டு வருசம் இதைக் காணாமல் இருந்திருக்கிறேனே என்று உண்மையாகவே மேல் கூசியது.

படம் எடுக்கவேணும். அளவுக்கு ஒரு ஆள் வேணும். ஆள் தானாகவே வந்தது.

வங்காலை ஜெனிற்றாவை எனக்குப் பேசி முற்றாக்கியிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் தாயும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தாய், பிலோமினா மாமி, பூசைக்குக் கட்டுகிற நீலச் சேலையில் வந்திருந்தார். திரும்பிப் போகும்போது நான் சைக்கிளில் கூடப்போய் ஓட்டோவை மரத்தடியில் நிற்பாட்டினேன்.

"மாமி, நீங்கள் மட்டும் மரத்தோடை நில்லுங்கோ. ஒரு படம்."

"நான் மட்டுமோ? பிள்ளை வேண்டாமோ?"

"இல்லை மாமி, நீங்கள்தான். உங்கடை உயரம் எவ்வளவு?"

"கிளினிக்கிலை அளந்தவை. அஞ்சடி ரெண்டங்குலம். ஏன் தம்பி?"

"ஒரு தேவைக்கு மாமி."

போகிற வழியெல்லாம் மாமி மகளிடம், "பெடியன் கலியாணத்துக்கு எனக்கு ஏதோ தைக்கக் குடுக்கப்போறான். நல்ல பிள்ளை" என்று சொல்லிக்கொண்டு போனாராம்.

வீட்டுக்கு வந்து படத்தை அனுப்பினால் களம் ஏற்கமாட்டேன் என்றது. படம் பெரிதாம். 1024 × 768 என்று இரண்டு எண்களைக் காட்டியது. கந்தோர்க்காரனுக்கு இதைவிடத் தெளிவான கட்டளை தேவையா? பெட்டி என்றால் பெட்டி! படத்தைச் சின்னனாக்குகிற செயலியில் முதல் எண்ணைப் போட்டேன். இரண்டாவது எண் தானாகவே மாறியது. திருத்தினேன், முதலாவது மாறியது. என்ன கொழுப்பு இதுக்கு! பக்கத்தில் சின்னச் சங்கிலிப் படம் ஒன்று இருந்தது. அதை அமத்த, சங்கிலி அறுந்தது. 1024. 768. இரண்டும் அச்சொட்டு. களமும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

நான் எடுத்ததோ, உச்சிக்கொப்புத் தெரியவேணும் என்று போனை நெட்டாகப் பிடித்து எடுத்த படம். அதைப் படுக்கைப் பெட்டிக்குள் அடைத்தால் என்ன ஆகும்? இரண்டு பக்கமும் இழுபட்டு விரியும். விரிந்தது. நான் மரத்தை மட்டும்தான் பார்த்தேன். என் மனதுக்குள் நின்ற மரம் கடைசியில் படத்தில் வந்துவிட்டதே என்று கண் கலங்கினேன். மாமியை யார் பார்த்தது?

உலகம் பார்த்தது. மறுநாள் காலை மறுமொழிகள் வரிசைகட்டி நின்றன. மாமியின் உயரத்தை வைத்துக் கணக்குப் பார்த்த ஒருவர், கணக்கு நம்பமுடியவில்லை என்று மூன்று தரம் திருப்பிப் பார்த்திருந்தார். மடகஸ்காரில் இருந்து ஒருவர், "தலை வணங்குகிறேன்" என்று மட்டும் எழுதியிருந்தார். இன்னொருவர், அந்தத் தீவில் மனிதர்களும் இப்படித்தான் பருமனாக வளர்வார்களா, மண் அவ்வளவு வளமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தார். அதுவும் என் மண்டையில் ஏறவில்லை! வவுனியாவில் இருந்து இளைப்பாறிய சேவையர் ஒருவர், நில அளவை வேலை பார்த்தவர், சனிக்கிழமை காலை தானே ரேப்போடு வந்து அளந்து உலகத்துக்கு உறுதிப்படுத்துவதாக எழுதினார். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அந்தச் சந்தோசப் புளுகத்தில் படத்தை ஜெனிற்றா குடும்பத்தின் வட்ஸ்அப் குழுவிலும் போட்டேன்.

அரைமணித்தியாலத்தில் நோர்வேயில் இருந்து மாமியின் தம்பி அழுதுகொண்டு போன் எடுத்திருக்கிறார். "அக்கா, உடம்பு இப்பிடி வீங்கிப்போச்சு, எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே! கிட்னியோ?" கனடாவில் இருந்த மச்சாள்மார் மாமிக்காகச் செபமாலை சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

பின்னேரம் ஜெனிற்றா போன் எடுத்தாள். "அம்மா கலியாணம் வேண்டாமாம்."

பின்னால் மாமியின் குரல் கேட்டது. "என்னைப் பீப்பா ஆக்கிப்போட்டான்! நாளைக்கு என்ரை பிள்ளையை என்னவாக்குவானோ!"

எனக்கு ஜெனிற்றாவை உண்மையாகவே பிடித்திருந்தது. அவள் இல்லாமல் இனி என்ன என்று நினைக்கவே பயமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன், கெஞ்சினேன், கடைசியில் சேவையர் வருகிற கதையையும் உளறினேன். மாமி போனைப் பறித்தார். "அப்ப சனிக்கிழமை நானும் வாறன். அந்த மனுசன் என்னை நேரிலை பார்த்து, நான் இவ்வளவுதான் எண்டு உலகத்துக்கு எழுதட்டும். எழுதினால் கலியாணம். இல்லையெண்டால் வேறை பொம்பிளை பாரும்."

சனிக்கிழமை மாமி அதே நீலச் சேலையில் மரத்தடியில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சேவையர் வான் வண்டியால் இறங்கி, மரத்தைப் பார்த்தார், போனில் இருந்த படத்தைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார்.

"தம்பி, படத்திலை நிண்ட அம்மா எங்கை?"

"நான்தான் அது!" என்றார் மாமி.

சேவையர் என் பக்கம் திரும்பி, முதலில் எடுத்த படத்தைக் காட்டச் சொன்னார். ஒரு நிமிசம் பார்த்தார். "ஏன் தம்பி இழுத்தனீங்கள்?"

"இழுக்கேல்லை ஐயா. 1024, 768 எண்டு அவை கேட்டவை. அச்சொட்டாப் போட்டனான்."

"அது, அதுக்கு மேலை போகக்கூடாது எண்டு சொல்லுறது. அவ்வளவும் இருக்கவேணுமெண்டு ஆர் சொன்னது? ஒரு எண்ணைப் போட்டிட்டு மற்றதைத் தன்ரை பாட்டிலை விட்டிருக்கலாம்."

நிலம் பிளக்கும் என்று காத்திருந்தேன். பிளக்கவில்லை. வவுனியாவில் இருந்து இவ்வளவு தூரம் வந்த மனுசன் ஏசக்கூட இல்லை. "வந்தது வந்தாச்சு, அளப்பம்" என்றார். ரேப்பின் நுனியை அவர் மரத்தோடு அமத்திப் பிடித்துக்கொண்டு, கிட்ட நின்ற மாமியிடம் சுருளை நீட்டினார். "அம்மா, இதைப் பிடிச்சுக்கொண்டு சுத்தி வாறீங்களோ?"

மாமி போனார். மரத்துக்குப் பின்னால் மறைந்தார். ரேப் கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டது, பிறகு நின்றது. நாங்கள் காத்திருந்தோம். ஜெனிற்றா என்னைப் பார்த்தாள். "அம்மா!" என்று கூப்பிட்டாள். கனநேரத்துக்குப் பிறகு ரேப் அசைந்தது. மற்றப் பக்கத்தால் மாமி வந்தார். ஒரு கையில் ரேப், மற்றக் கையில் கழற்றின செருப்பு.

"அம்மா, முள்ளு!" என்றாள் ஜெனிற்றா.

"இருக்கட்டும் பிள்ளை. இதுக்குக் கிட்டச் செருப்போடை போக மனம் வரேல்லை." மாமி அண்ணாந்து பார்த்தார். "எத்தினை தரம் இந்தப் பக்கம் வந்து போனனான். கடவுள் இதைச் செய்துபோட்டு, ஒருத்தருக்கும் சொல்லாமல் விட்டிட்டாரோ?"

சேவையர் தொப்பியைக் கழற்றினார். ரேப்பில் வந்த எண்ணை இரண்டு தரம் வாசித்தார். என் இழுபட்ட படத்தின் கணக்குக்கு அது கிட்டவும் வராது. ஆனாலும் மூன்றாம் தரமும் வாசித்துவிட்டுத்தான் எழுதிக்கொண்டார்.

அந்தக் கிழமையிலேயே முதல்முறையாக மாமி என் முகத்தைப் பார்த்தார். "இவ்வளவு பெரிய மரத்தை இன்னும் பெருப்பிக்க உமக்கு என்ன வந்தது?"

நான் போய் அவர் கையில் இருந்த செருப்பை வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

சேவையர் புதுப்படம் எடுத்தார். ஒரே ஒரு எண்ணைப் போட்டுச் சின்னனாக்கினார். அந்த அம்மா சாதாரண உடம்புக்காரி, பூரண சுகத்தோடு இருக்கிறார், பிழை படம் போட்டவருடையது என்று மாமி சொல்லச் சொல்ல எழுதினார். நோர்வேக்கும் அனுப்பியாயிற்று. அதற்குப் பிறகுதான் மாமி ஓட்டோவில் ஏறினார். திங்கட்கிழமை நான் கந்தோரில் படிவத்தின் அறிவுறுத்தலை முதல்முறையாக முழுதாக வாசித்தேன். அதிலும் பட அளவுக்குப் பக்கத்தில் "மேற்படாத" என்றுதான் இருந்தது. அன்றைக்கு ஒருத்தரையும் திருப்பவில்லை.

கலியாணம் நடந்தது. ஆனால் களம் மாமியை விடவில்லை. அங்கே இப்போது புதிதாக யார் மரம் போட்டாலும், "இது எத்தனை மாமி?" என்றுதான் கேட்கிறார்கள். ஆபிரிக்காவில் ஒரு மரம் ஐந்து மாமி. அவுஸ்திரேலியாவில் ஒன்று நாலரை. ஞாயிறு பூசை முடிந்து வந்தால் மாமிக்கு நான் களத்தை வாசித்துக் காட்டவேணும். எங்கடை மரத்தைவிடப் பெரிதாக ஒன்று வந்துவிட்டால் வீடே அமைதியாகிவிடும். மாமி கண்ணாடியைப் போட்டுப் படத்தை உற்றுப் பார்ப்பார். பிறகு தீர்ப்புச் சொல்வார்.

"அங்கையும் ஆரோ ஒரு மருமகன் இழுத்திருக்கிறான்."