ஈட்டியப்பன் மீது வழக்கு ஏதும் இல்லை

ஒரு காட்டில், முதலாவதாக ஓடைக்கு வேலி போட்டார்கள். இரண்டாவதாக, வேலியைத் தாண்டியவர்களுக்கு வாலில் சூடு போட்டார்கள். மூன்றாவதாக, சூடு பட்டுக் கத்தியவர்களைக் குகையில் அடைத்தார்கள். நான்காவதாக, கத்தாமல் முணுமுணுத்தவர்களையும் அடைத்தார்கள். ஐந்தாவதாக, இத்தனையும் செய்த சிங்கத்துக்கு வனத்தந்தை என்று பட்டம் கொடுத்து, கைதட்டாதவர்களைப் பிடித்துப் போனார்கள். வரிசை முக்கியம். மாற்றிச் சொன்னால், வேலி போட்டதே நம் நன்மைக்குத்தான் என்று எவராவது புத்தகம் எழுதிவிடுவார்கள்.

இந்த ஐந்தையும் எதிர்த்து ஐந்து முறை சிறை சென்றது ஈட்டியப்பன் என்ற முள்ளம்பன்றி. பிறகு சிங்கம் செத்தது, மகன் வந்தது. அப்பாவை எதிர்த்தவர்கள் மீது மகனுக்கு மிகுந்த மரியாதை. அவர்களில் பெரும்பாலோர் செத்துப்போயிருந்ததால் மரியாதை காட்டுவது சுலபமாக இருந்தது. மிச்சம் இருந்தவர்களுக்கு மலையடிவாரச் சுனையைத் தியாகிகள் சுனை என்று ஒதுக்கியது. தியாகியும் துணையும் ஆயுள் முழுக்கத் தண்ணீர் குடிக்கலாம். ஒரே நிபந்தனை, தியாகி தன் மீது வழக்கு உண்டு என்பதற்கான குற்றப் பதிவுச் சான்றை ஆவணக் காப்பகத்தில் வாங்கி வர வேண்டும்.

அந்தப் பங்குனியில் மற்ற நீர்நிலைகள் எல்லாம் வற்றிவிட்டன. ஆறு அரை நாள் நடை. ஈட்டியப்பன் எப்படியும் நடந்துவிடும். அதன் மனைவி முத்தழகிக்குப் பின்னங்கால் இரண்டும் விழுந்து வருடமாகிறது. சுனையோ கூப்பிடு தூரம்.

காப்பக வரிசையில் நின்ற எல்லோரும் வழக்கு இல்லை என்ற சான்றுக்கு வந்திருந்தார்கள். முட்டைக் கிடங்குக் காவல் வேலைக்குப் போகவிருந்த கீரிக்கு அது உடனே கிடைத்தது. வழக்கு உண்டு என்று கேட்டு வந்தது ஈட்டியப்பன் ஒன்றுதான். படிவத்தில் பெயர், தந்தை பெயர், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை தேட வேண்டும் என்பதெல்லாம் எழுதி, போராட்ட வரலாற்றைப் பதினோரு பக்கத்தில் இணைத்தது. பதிவெழுத்தரான எறும்புத்தின்னி மேடம் இணைப்பை மட்டும் திருப்பித் தந்தார். (அரசு ஊழியர் என்பதால் அவருக்கு ‘ர்’ விகுதி.) பிடிக்காத கேள்வி கேட்டால் அவர் பந்தாகச் சுருண்டுகொள்வார். அவிழும்வரை வரிசை காத்திருக்கும்.

மூன்றாம் நாள் அவிழ்ந்து சொன்னார்: “வாழ்த்துக்கள் சார். உங்க மேல ஒரு கேஸும் இல்ல. ரொம்ப சுத்தம்.”

ஐந்து முறை சிறையில் பட்டதை ஈட்டியப்பன் தாங்கிக்கொண்டது. இதைத் தாங்க முடியவில்லை. வீட்டில் முத்தழகி சான்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

“அப்போ அந்த வருஷமெல்லாம் எங்கேங்க போயிருந்தீங்க? வேற யாராவது இருந்தா சொல்லிடுங்க. இந்த வயசுல நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

அப்போதுதான் ஈட்டியப்பனுக்கு உறைத்தது. இயக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் கைதானாலும் தலைவர் பெயரையே சொல்ல வேண்டும். காவலர்கள் குழம்பிப் போவார்களாம். தலைவர், நாவரசு என்ற நரி. யோசனையும் நாவரசுடையதே. அது மட்டும் பொந்துக்குள்ளிருந்தே அறிக்கை விட்டது. ஐந்து முறையும் ஈட்டியப்பன் மார்பை நிமிர்த்தி “நாவரசு” என்றது. உடன் வந்த முயலும் ஆமையும்கூட அப்படியே சொன்னன.

மறுநாள் நாவரசு பெயரில் தேடச் சொன்னது. பிறர் பதிவை உரியவர் சம்மதமின்றித் தர முடியாது என்றார் மேடம். ஆனால் உரியவர் தன் நகலை எப்போதோ வாங்கிவிட்டாராம். இருநூற்றுப் பதினான்கு வழக்குகள். ஒரே காலையில் மூன்று மலைகளில் கைதாகியிருக்கிறார். அந்த வீரத்துக்காகவே அவர் இப்போது சுனைக் குழுத் தலைவர்.

ஈட்டியப்பன் சுனைக்குப் போனது. கழுத்தளவு தண்ணீரில் கிடந்த நாவரசு பரிவோடு கேட்டுக்கொண்டது.

“தோழர், தனி ஆளோட பேருல என்ன இருக்கு? இயக்கம்தான் பெருசுன்னு துண்டறிக்கை எழுதினது நீங்கதானே.”

உண்மை. நான்கு பக்கத் துண்டறிக்கை. நல்ல வரவேற்பும் இருந்தது.

இனி புது வழக்கு ஒன்றுதான் வழி. நிபந்தனையில் பழையது, புதியது என்று ஒன்றுமில்லையே என்று மேடமும் ஒத்துக்கொண்டார். சான்று கைக்கு வந்ததும் நேரே சுனைக்குப் போய்விடலாம் என்று முத்தழகியைப் பாக்குமட்டையில் கிடத்தி இழுத்துக்கொண்டு, ஈட்டியப்பன் காப்பகத்துக்கு வந்தது. வாசலில் சாட்சி சொல்வதையே தொழிலாகக் கொண்ட இரண்டு ஓணான்கள் இருந்தன. அவை பார்க்க, ‘அமைதி காக்கவும்’ என்ற அறிவிப்புப் பலகையில் ஒரு முள்ளைப் பாய்ச்சியது. காவலர் காட்டெருமை ஓடி வந்து பெயர் கேட்டார். தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், வளையின் அடையாளம் எல்லாவற்றையும் ஈட்டியப்பன் நிறுத்தி இரண்டு முறை சொன்னது.

எல்லாம் எழுதியாயிற்று. கடைசியாக, விதிப்படி மேடம் முள்ளைப் பழைய தடயங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஐந்து இடத்தில் அச்சாகப் பொருந்தியது. அவர் பணிக்காலத்தில் ஒரு பதிவு இன்னொன்றோடு பொருந்தியது அதுவே முதல் முறை. ஆனந்தத்தில் சுருளவும் மறந்துவிட்டார். ஈட்டியப்பன் தன் பெயரை மூன்றாம் முறையும் சொன்னது.

“அப்படித்தான் சார். பிடிபட்டா வேற பேர் சொல்றது இந்த ஆளுக்குப் பழக்கம்” என்றார் மேடம், காட்டெருமையிடம்.

பிறகு ஓணான்கள் இரண்டும், மட்டையில் நாக்கு வறண்டு கிடந்த முத்தழகியும் கேட்க, எழுந்து நின்று படித்தார்:

“வழக்கு எண் இருநூற்றுப் பதினைந்து. குற்றவாளி, நாவரசு. இனம், நரி.”

நீதி: சிறைக்குப் போகும்போது தலைவரையும் உடன் அழைத்துச் செல்லவும், அவருக்கு நேரமில்லையென்றால், அவர் பெயரையாவது வெளியே விட்டுச் செல்லவும்.